ஒரே பந்தி



தனியார் நிறுவனமொன்றில் பணிபுரியும் நம் எடமலைப்பட்டி புதூர் இளைஞர் ஒருவர் அண்மையில் நம்மிடம் வந்தார். ஊழியரிடையே ஒற்றுமையை வளர்க்க, முக்கொம்புக்கு ஒருநாள் சுற்றுலா, பொறுப்பு அவருடையது. விளையாட்டு, பரிசு, பிரியாணி யாவும் குறித்து வைத்திருந்தார்.

“துப்புரவுப் பணியாளரும் காவலாளியும் வருகிறார்களா?” என்று வினவினோம்.

“அவர்கள் ஒப்பந்த ஆட்கள், சாமி. பட்டியலில் இல்லை” என்றார்.

முக்கொம்பே இதற்குப் பாடம் சொல்கிறது. 1836இல் எழுந்த கொள்ளிடம் மேலணையின் 45 மதகுகளுள் 9, 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இடிந்து விழுந்தன. எஞ்சியவை நின்றும் தண்ணீர் நிற்கவில்லை. சிலரை விட்டுவிட்டு ஒற்றுமை பேசுவதும் அவ்வாறே.

மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பணி முடித்துத் திரும்பிய சீடரை, ஓய்வுகொள்ளத் தனியிடத்துக்கு அழைத்துச் செல்கிறார் ஆண்டவர். பின்தொடர்ந்து வந்த மக்களை அவர் விரட்டவில்லை. நூறு பேராகவும் ஐம்பது பேராகவும் பசும்புல்லில் அமரச் செய்கிறார். களைத்த சீடரே பரிமாறுகின்றனர். அனைவரும் வயிறார உண்டனர். அதுவே அப்பந்தியின் வெற்றி.

ஆகவே மூன்று சொன்னோம். ஞாயிறு திருப்பலிக்கும் குடும்பத்துக்கும் உரியது; சுற்றுலா வேலைநாளில் அமையட்டும். பொழுது சாயுமுன் தாய்மார் வீடு திரும்பட்டும். எல்லாரும் ஒரே பந்தியில் அமர, மேலாளர் பரிமாறட்டும்.

இளைஞர் சற்று யோசித்துவிட்டுப் பட்டியலில் ஏழு பெயர்களைச் சேர்த்தார்.

நம் இல்லத்துப் பந்தியில் இன்னும் சேராத பெயர் எது? இம்மாதம் அதை எண்ணிப் பார்ப்போம்.