நாலு வயதுப் பிள்ளையின் கல்லறையும் நம்ம ஊர் நடுகல்லும்



போன வாரம் நம் குழுவில் என் பழைய மாணவர் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். சென்னை உயர்நீதிமன்றத்தில் வக்கீலாக இருக்கிறார். பழைய சட்டக் கல்லூரிப் பக்கம் கோபுரம் போலக் கூம்பி நிற்கும் கல்லறை அது. "கார் நிறுத்த இடமில்லாமல் அலைகிறோம் சார். எவனோ வெள்ளைக்காரன் பிள்ளைக்கு இவ்வளவு இடமா?" என்று கேட்டிருந்தார். கீழே வரிசையாகக் கைதட்டல். அதில் என் தங்கை மகனும் ஒருவன். நேரில் வந்து திட்டியிருப்பேன். முட்டி வலி, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தம்பி, இடநெருக்கடி உண்மைதான். 2023இல் ஒரு நீதிபதி அதை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னதும் எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கல் யாருடையது என்று படித்துப் பார்த்தாயா?

அதில் இருப்பது டேவிட் யேல், நாலு வயதுக் குழந்தை. கூடவே ஜோசப் ஹின்மர்ஸ், குழந்தையின் தாய் கேத்தரினுடைய முதல் கணவர். அவர் 1680இல் இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி கேத்தரின் எலிஹு யேலை மணந்தார். கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்தின் பதிவேட்டில் முதல் கல்யாணமே அதுதான். பிள்ளை இறந்தபோது முதல் கணவரின் கல்லறையிலேயே புதைத்தார்கள்.

அந்த எலிஹு யேலின் வம்சம் வேல்ஸ் நாட்டு நிலக்கிழார் குடும்பம். அவர் இங்கே குமாஸ்தாவாக வந்து 1687இல் கோட்டையின் தலைவரானார். ஊழல் புகார்களால் 1692இல் பதவி போனது. பிறகு 1718இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கும் 417 புத்தகங்களும் ராஜாவின் படமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. அதற்கு நன்றியாகத்தான் அந்தக் கல்லூரிக்கு யேல் என்று பெயர். ஒரு குழந்தையின் கல்லறையைப் பிடித்துக்கொண்டு போனால் சென்னை, வேல்ஸ், அமெரிக்கா என மூன்று நாட்டுக் கணக்கும் வெளியே வருகிறது.

"அப்போ வெள்ளைக்காரனுக்குக் கும்பிடு போடச் சொல்றீங்களா?" என்பீர்கள். இல்லை கண்ணு. கணக்குக் கேட்கச் சொல்கிறேன். அதே யேல் பல்கலைக்கழகத்தில் எலிஹு யேலின் ஓவியம் ஒன்று இருக்கிறது. ஓரத்தில் கழுத்தில் உலோகப் பட்டை மாட்டிய அடிமைச் சிறுவன் நிற்கிறான். அவன் பெயர் அந்தப் படத்தில் இல்லை. அவனுக்குக் கல்லும் இல்லை, பதிவேடும் இல்லை. சென்னைத் துறைமுகம் வழியாக அடிமைகள் கப்பலேறிய காலம் அது. யேலின் பிள்ளைக்குக் கோபுரம், யாரோ பெற்ற பிள்ளைக்குக் கழுத்துப்பட்டை. கல்லறையை அகற்றிவிட்டால் இந்தக் கேள்வியை எந்த இடத்தில் நின்று கேட்பாய்? சாட்சியை அகற்றினால் லாபம் குற்றவாளிக்குத்தானே? வக்கீலுக்கு நான் சொல்ல வேண்டுமா?

வெள்ளைக்காரனே அந்த இடத்துக் கல்லறைகளை இடித்தவன்தான். 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்கள் அவற்றின் மறைவில் நின்று சுட்டார்கள் என்பதற்காகப் பிறகு தரைமட்டமாக்கினான். ஆனால் எழுத்துள்ள பலகைக் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் மரியாள் ஆலய முற்றத்தில் பதித்தான். 1905இல் காட்டன் என்ற அதிகாரி மாகாணம் முழுக்க இருந்த கல்லறை எழுத்துகளைப் பிரதி எடுத்துப் புத்தகமாக்கினார். இன்றும் இங்கிலாந்திலிருந்து பேரப்பிள்ளைகள் அதை வைத்துத் தங்கள் பாட்டன் கதையைத் தேடுகிறார்கள்.

நாம் என்ன செய்தோம்? தருமபுரி மண் நடுகல் மண். ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டையிட்டு விழுந்தவனுக்கு, அரசனின் ஆட்சியாண்டு, ஊர், அவன் பெயர் எல்லாம் வட்டெழுத்தில் வெட்டிக் கல் நட்டார்கள். பக்கத்தில் செங்கம் வட்டாரம் எடுத்தனூர்க் கல்லைப் பாருங்கள். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. வீரனோடு நின்ற நாயின் உருவமும் இருக்கிறது. 'கோவிவன்' என்று அதன் பெயரும் இருக்கிறது. நாய்க்கும் பெயர் எழுதிய ஊர் இது!

அந்தக் கல்லை நாம் வேடியப்பன் என்று கும்பிட்டால் மஞ்சளும் எண்ணெயும் பூசி எழுத்தை மூடுகிறோம். கும்பிடாவிட்டால் துணி துவைக்கிறோம். என் சிறுவயதில் எங்கள் ஏரிக்கரையில் வில்லேந்திய வீரன் கல் ஒன்று இருந்தது. கரையை அகலப்படுத்தியபோது காணாமல் போனது. அதில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பக்கத்துப் பள்ளியில் முப்பது வருஷம் வரலாறு நடத்திய நானும் பார்க்கவில்லை. அந்த வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

இன்னொன்று. நடுகல் கிடைத்ததும் "எங்க சாதி வீரன்" என்று பேனர் கட்டாதீர்கள். கல்லில் இல்லாததைக் கல்லின் வாயில் திணிப்பதும் அதை உடைப்பதும் ஒன்றுதான்.

வீட்டுப்பாடம் தருகிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள், காட்டிலோ கோயில் ஓரத்திலோ எழுத்துள்ள கல் இருந்தால் சாய்வெயிலில் படம் எடுங்கள். சுண்ணாம்பு, பெயிண்ட் எதுவும் தடவ வேண்டாம். இடத்தைக் குறித்து மாவட்ட அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நாலு தலைமுறைப் பெயரை எழுதி வாங்குங்கள். பாட்டிமார் பெயரையும் சேர்த்து!

வக்கீல் தம்பி, உனக்குத் தனி வேலை. நாளைக்கு வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு அந்தக் கல்லறைக்கு நடந்துபோய் ஐந்து நிமிஷம் நின்று படி. பிறகு வந்து என்னோடு சண்டை போடு. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்