மேடையிலே ஒரு சொல், மடலிலே ஒரு சொல்



நடிகர் என்போர் பிறர் எழுதித் தந்த சொற்களைப் பேசுவோர். அவர்கள் தம் சொந்தக் கருத்தைப் பேசும்போதும், கேட்போர் காதில் ஒலிப்பது பாத்திரத்தின் குரலே. இங்கிலாந்தில் 2020-ஆம் ஆண்டு மூண்டு இன்னும் ஓயாத ஒரு பூசலில் இதைத் தெளிவாகக் காண்கிறோம்.

ஹாரி பாட்டர் கதைகளை எழுதிய ஜே. கே. ரௌலிங் அம்மையாரை நம் இல்லத்துப் பிள்ளைகளும் அறிவர். பெண்மை உடற்கூற்றால் அமைவது, ஆகவே பெண்களுக்கெனத் தனியிடங்கள் காக்கப்படவேண்டும் என்பது அவர் நிலை. முதல் மணவாழ்வில் தாம் பட்ட கொடுமையையும் 2020 ஜூன் மாதக் கட்டுரையில் மறையாது எழுதினார். திருநங்கையரைப் பெண்களென ஏற்க மறுப்பது, ஏற்கெனவே ஏளனத்துக்கு ஆளானவர்களை மேலும் புண்படுத்தும் என்பது எதிர்த்தரப்பார் நிலை.

அக்கதைகளின் படங்களில் சிறு வயது முதல் நடித்த டேனியல் ராட்கிளிப், எம்மா வாட்சன், ரூபர்ட் கிரின்ட் ஆகிய மூவரும் அதே மாதத்தில் திருநங்கையர் பக்கம் நின்று பேசினர். ராட்கிளிப் தம் அறிக்கையை, தற்கொலை எண்ணத்தில் தவிக்கும் இளைஞரைக் காக்கும் ஓர் அமெரிக்க அமைப்பின் வழியாக வெளியிட்டார். அவ்வமைப்புக்கு அவர் பல்லாண்டு துணைநின்றவர். ஆதலின் விளம்பர வேட்கை என்று அதைத் தள்ளிவிட இயலாது. மூத்த நடிகர்களான ரேல்ப் பைன்ஸும் ஹெலினா பான்ஹாம் கார்ட்டரும், ரௌலிங் மீது பொழியப்பட்ட வசைகளைக் கண்டித்தனர். அவர்களையும் ஒரு கூட்டம் ஏசியது.

குடும்பப் பிணக்குகளில் நம்மிடம் வருவோரும் முதலில் கேட்பது, "சாமி, நீங்கள் யார் பக்கம்?" என்பதே. என்ன நடந்தது என்று சொல்வது அதற்குப் பிறகுதான்!

நமது உள்ளத்தை உறுத்துவது வேறொன்று. 2022 மார்ச் மாதத்தில் இலண்டன் திரைப்பட விருது மேடையொன்றில், தாம் எல்லாச் சூனியக்காரிகளுக்காகவும் நிற்பதாக வாட்சன் கூறினார். அது ரௌலிங்கைக் குத்தும் சொல் என்று பலரும் கொண்டனர். அவருக்குக் கொலைமிரட்டல்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. பின்னர், அவர் படும் துன்பத்துக்கு வருந்துவதாக ஒரே வரியில் கையால் எழுதிய மடலொன்றை வாட்சன் வேறொருவர் வழியே அனுப்பினாராம். தம் தொலைபேசி எண் வாட்சனிடம் இருந்ததே என்று 2025 செப்டம்பரில் ரௌலிங் எழுதினார். ஊரறியச் சொன்னது ஒன்று, மறைவாய் அனுப்பியது மற்றொன்று.

வாட்சன் நெஞ்சில் அன்பில்லை என்று நாம் சொல்லமாட்டோம். அதே செப்டம்பரில் ஒரு பேட்டியில், கருத்து வேறுபட்டாலும் ரௌலிங்கோடு தமக்கு நேர்ந்த பழைய நினைவுகளைப் போற்றுவதாகவும், உரையாடலுக்கு வாயில் திறவாமற் போனதே தம் வருத்தம் என்றும் கூறினார். கொண்ட கருத்தை மாற்றாமலே ஆறுதலைக் கூட்டத்தின் முன் சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கம் பிரிந்து நிற்கும் கூட்டம், எதிரிக்குச் சொல்லும் ஆறுதலைக் காட்டிக்கொடுத்தலாகவே எண்ணும். அந்த அச்சமே மடலை மறைவழியில் அனுப்பச் செய்தது என நமக்குத் தோன்றுகிறது.

சட்டத்தை நிலைநாட்டியதோ நடிகர் அல்லர். 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் பெண் என்னும் சொல் பிறப்பால் அமைந்த பாலையே குறிக்கும் என்று, 2025 ஏப்ரல் 16 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பால்மாற்றம் செய்துகொள்வோருக்கு அச்சட்டம் தரும் பாதுகாப்பு நீடிக்கும் என்றும், இதை ஒரு சாராரின் வெற்றியாகக் கொள்ளலாகாது என்றும் தீர்ப்பை வாசித்தவர் எச்சரித்தார். இவ்வெச்சரிக்கையை இரு தரப்பாரும் செவிமடுத்ததாகத் தெரியவில்லை. ரௌலிங் அம்மையார் மது அருந்தி, சுருட்டுப் புகைத்துக் கொண்டாடும் தம் படத்தை வெளியிட்டார். அது நமக்கு உவப்பாயில்லை. திரைத்துறையினர் நானூற்றுக்கும் மேற்பட்டோர் தீர்ப்பினால் கவலையுற்று ஒரு திறந்த மடலில் ஒப்பமிட்டனர்.

தாம் படைத்த பாத்திரங்களில் நடித்தவர் என்றும் தம்மோடு ஒத்துப்போக வேண்டுமென்று கேட்கும் உரிமை தமக்கில்லை என்று ரௌலிங்கே எழுதியுள்ளார். அந்நடிகரைப் பற்றிச் செய்தியாளர் கேட்டபோதெல்லாம் நெடுங்காலம் வாய்திறவாதிருந்தாராம். பெரிய படப்பிடிப்பு அரங்கில் மிரண்டு நின்ற சிறுவர்களை வசனம் பேச மெல்லத் தேற்றவேண்டியிருந்த அந்த நாளை, அண்மைக்காலம் வரை அவரால் மறக்க இயலவில்லையாம்.