அஞ்சல் தானே செல்லும். கணக்கு தானே சரியாகாது

மாதக் கடைசியில் எந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் அலுவலகத்திற்குச் சென்றாலும் ஒரே காட்சியைக் காணலாம். நெசவாளர் சங்கமாயின் நூல் இருப்பு, துணி வரவு, கூலிப் பாக்கி. விவசாயிகள் சங்கமாயின் உர இருப்பு, பயிர்க் கடன், தவணை கடந்த தொகை. இவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் ஓர் ஏட்டிலிருந்து எடுத்து, மற்றோர் அட்டவணையில் இட்டு, மேலதிகாரிகளுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் மின்னஞ்சலில் அனுப்புவதிலேயே குமாஸ்தாவின் பொழுது கழிகிறது. அந்நேரத்தில் நூலுக்கும் உரத்துக்கும் வந்த அங்கத்தினர் வாசலில் காத்து நிற்கின்றனர்.

இந்தச் சிரமத்தை நீக்க வழி இருக்கிறது. கம்ப்யூட்டர் செய்யவேண்டிய வேலைகளை வரிசையாக எழுதிவைக்கும் கட்டளைத் தொகுப்பை ஸ்கிரிப்ட் என்பர். அது கணக்கு ஏட்டைத் திறந்து, வேண்டிய வரிகளைத் தேர்ந்து, கூட்டிக் கழித்து, கட்டமிட்ட அட்டவணையாக்கிக் கடிதத்திற்குள் வைத்து, குறித்த முகவரிகளுக்கு அனுப்பிவிடும். குறித்த கிழமையில் குறித்த மணிக்கு அதை ஓடச் செய்யும் ஏற்பாடும் கம்ப்யூட்டரிலேயே உண்டு.

இது நேற்று முளைத்த புதுமையன்று. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்றொன்றுக்கு ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் முதல் மின்னஞ்சலை அனுப்பியது 1971-இல். இன்றும் அஞ்சல் செல்லும் எஸ்.எம்.டி.பி. என்னும் நெறிமுறை 1982-இல் வகுக்கப்பட்டது. இணைப்புக் கோப்புகளும் பிறமொழி எழுத்துக்களும் செல்ல வழிகோலிய மைம் என்னும் நெறிமுறை 1992-இல் வந்தது. 1991-இல் வெளிவந்த பைத்தான் மொழியில் அஞ்சல் அனுப்பும் கருவிகள் கட்டணமின்றி உடன்வருகின்றன. விஷயமறிந்த இளைஞர் ஒருவர் சில பத்து வரிகளில் இந்த வேலையை முடித்துவிடலாம்.

ஆகவே இதை நம் சங்கங்கள் மேற்கொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் மேற்கொள்ளும் முறையில்தான் நன்மையும் தீமையும் இருக்கின்றன. இதை நாம் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை; பட்டறிந்து சொல்கிறோம்.

நம் பார்வையிலிருந்த ஒரு நெசவாளர் சங்கத்தில் இவ்வேற்பாடு சிறப்பாக நடந்துவந்தது. திங்கட்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு நூல் இருப்பு அட்டவணை தவறாமல் வரும். மற்றச் சங்கங்களுக்கு அதை முன்மாதிரியாகக் கூட நாம் எடுத்துக்காட்டியதுண்டு. தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன் ஆய்வுக்குச் சென்றோம். அட்டவணையில் 60-ஆம் நம்பர் நூல் 18 கட்டு என்றிருந்தது. கிடங்கில் இருந்தவை இரண்டே கட்டு. நூல் பதிவைக் கவனித்த குமாஸ்தா நோயுற்று விடுப்பில் இருந்தார். ஐந்து வாரமாக ஏட்டில் ஒரு வரியும் ஏறவில்லை. ஸ்கிரிப்டோ அதே பழைய எண்களை எடுத்து, தலைப்பில் அன்றைய தேதியை இட்டு, வாரந்தோறும் அனுப்பிக்கொண்டிருந்தது. இருப்புப் போதும் என்று எண்ணிய குழுவினர் புதிய நூலுக்கு எழுதவில்லை. பண்டிகைக் காலத்தில் பதினோரு தறிகள் நின்றுபோயின.

அன்று முதிய நெசவாளர் ஒருவர் நம்மைக் கேட்டார்: "வாரந்தோறும் கணக்குப் போகிறது என்கிறார்கள். நூல் எங்கே ஐயா?" நம்மிடம் விடையில்லை. ஏனெனில் அந்த ஐந்து அஞ்சல்களும் நமக்கும் வந்திருந்தன. ஐந்து வாரம் ஓர் எண்கூட மாறாதிருந்ததை நாம் கவனிக்கவில்லை. அஞ்சல் வந்துவிட்டது என்பதையே கணக்குச் சரி என்பதற்குச் சான்றாகக் கொண்டுவிட்டோம். பிழை இயந்திரத்தினுடையதன்று, சொன்னதை அது செய்தது. படிக்க வேண்டிய நாம் படிக்கவில்லை.

ஆதலின் இவ்வேற்பாட்டைத் தொடங்கும் சங்கங்கள் சில விதிகளைக் கைக்கொள்ளுதல் அவசியம்.

முதலாவது, அட்டவணையின் தலைப்பில் அனுப்பிய தேதியோடு, ஏட்டில் கடைசியாகப் பதிவு செய்த தேதியும் இருக்க வேண்டும். அப்பதிவு ஒரு வாரத்திற்கு முந்தியதாயின் ஸ்கிரிப்ட் அட்டவணையை அனுப்பாமல், "பதிவு நடைபெறவில்லை" என்ற எச்சரிக்கையைத் தலைவருக்கும் காரியதரிசிக்கும் அனுப்புமாறு எழுதிவைக்கலாம்.

இரண்டாவது, ஆரம்ப இருப்பும் வரவும் சேர்ந்து, அதில் செலவு போக நிற்பதே இறுதி இருப்பு. இந்தச் சரிபார்ப்பை ஸ்கிரிப்டே செய்து, தவறினால் நின்றுவிட வேண்டும். கிடங்கிலுள்ள சரக்கைக் கண்ணால் எண்ணும் வேலையை மட்டும் எந்த ஸ்கிரிப்டும் செய்யாது. அதை மாதம் ஒருமுறையேனும் குழுவினர் செய்தே தீரவேண்டும்.

மூன்றாவது, அஞ்சல் வராத நாளை யாரேனும் கவனிக்க வேண்டும். மின்சாரம் நின்றாலோ கடவுச்சொல் மாறினாலோ ஸ்கிரிப்ட் ஓசையின்றி நின்றுவிடும். சில வேளை அஞ்சல் குப்பைப் பெட்டியில் போய் விழும். குழுவில் ஒருவர் முறைவைத்து அறிக்கையைப் படித்து, படித்ததற்கு அடையாளமாகக் குறிப்பேட்டில் கையொப்பமிடுதல் நன்று.

நான்காவது, அங்கத்தினர் ஒருவரின் கடன் பாக்கி மற்றவர் பார்வைக்குச் செல்லலாகாது. பொது அட்டவணையில் மொத்தத் தொகை போதும். தனிக் கணக்கு உரியவருக்கு மட்டும் செல்லட்டும். தனிநபர் தகவல்களைக் காக்க 2023-இல் நம் நாட்டில் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதிவைக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். அந்தக் கோப்பு யார் கைக்குப் போனாலும் சங்கத்தின் அஞ்சல் பெட்டியே அவர் கைக்குப் போனதாகும்.

இவை யாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. இன்று இவ்வறிக்கைகள் மேல்நோக்கியே செல்கின்றன. அதிகாரி அறிகிறார், குழுவினர் அறிகின்றனர், சங்கத்தின் உடைமையாளராகிய அங்கத்தினரோ அறிவதில்லை. மின்னஞ்சல் இல்லாத அங்கத்தினர் நம்மிடையே பலர். அதே அட்டவணையை அன்றே அச்செடுத்து, அலுவலக வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டுவதற்கு ஒரு தாளே செலவு. 18 கட்டு என்ற எண் அன்று வாசலில் ஒட்டப்பட்டிருந்தால், நூலின்றித் திரும்பிய முதல் நெசவாளரே அதைச் சுட்டிக்காட்டிக் கேட்டிருப்பார். ஐந்து வாரம் நம் கண்ணுக்குத் தப்பிய பிழை அவர் கண்ணுக்கு ஒரு நாளும் தப்பியிராது.

குமாஸ்தாவின் வேலை போய்விடும் என்று அஞ்சுவோர்க்கும் ஒரு சொல். நகலெடுக்கும் வேலைதான் போகும். பதிவு செய்வதும், எண்ணிப் பார்ப்பதும், வாசலில் நிற்பவருக்கு விடை சொல்வதும் மனிதருக்கே உரியவை. மிஞ்சும் நேரத்தை அவற்றுக்குச் செலவிடுவோமாக.

அடுத்த குழுக் கூட்டத்தில் இவ்விஷயத்தை அங்கத்தினர்கள் எழுப்ப வேண்டும். ஸ்கிரிப்டை யார் எழுதுவது என்பதோடு, வரும் அறிக்கையை யார் படிப்பது என்பதையும் கேட்டுத் தீர்மானத்தில் பெயரோடு பதிவு செய்யுங்கள். அனுப்பும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க இயலாது.