விலைவாசி குறைந்துவிட்டதாம்! யாருக்கு?

2025 அக்டோபரில் நாட்டின் சில்லறை விலைப் பணவீக்கம் 0.25 சதவீதம்தான் என்று மத்திய அரசு அறிவித்தது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட கணக்கில் இதைவிடக் குறைந்த எண் வந்ததே இல்லை. ஆனால் திருத்தணி கடைத்தெருவுக்குப் பையோடு வருபவர் "எங்கே குறைந்தது?" என்று கேட்கிறார். கேட்பது டெல்லியை அல்ல. கல்லாவில் இருக்கும் உங்களை!

அரசு சொன்னது பொய்யா? இல்லை. அவர் கேட்பது தவறா? அதுவும் இல்லை. பணவீக்கம் என்பது விலை அல்ல. விலை ஏறும் வேகம். 2024 அக்டோபரில் அந்த வேகம் 6.21 சதவீதம். அதாவது 100 ரூபாய்ச் செலவு ஓராண்டில் 106 ரூபாய் 21 காசு ஆனது. அடுத்த ஆண்டு அதற்கு மேல் இன்னும் 27 காசு ஏறியது. காய்கறியும் பருப்பும் இறங்கியதால்தான் ஏற்றம் அந்த அளவில் நின்றது. ஏற்கெனவே ஏறிய 6 ரூபாய் இறங்கவில்லை!

சரி, இதை எப்படி அளக்கிறார்கள்? ஒரு சராசரிக் குடும்பம் எதற்கு எவ்வளவு செலவிடுகிறது என்று கணக்கெடுத்து ஒரு கூடை தயாரிக்கிறார்கள். அதிலுள்ள பொருள்களின் விலையை மாதந்தோறும் கடைகளில் விசாரிக்கிறார்கள். 2012 கணக்கில் 1,114 நகரச் சந்தைகளும் 1,181 கிராமங்களும் இருந்தன.

அந்தக் கூடை 2011-12 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி தயாரானது. 2017-18-ல் மறுபடியும் கணக்கெடுத்தார்கள். தரம் சரியில்லை என்று கூறி 2019-ல் அந்த முடிவுகளை வெளியிடாமல் நிறுத்திவிட்டார்கள். இதனால் பழைய கூடையே 2025 வரை ஓடியது. கையில் செல்போன் வைத்திருக்கும் இளைஞனின் செலவை அளக்கும் கூடையில் டேப் ரெக்கார்டரும் கிடந்தது!

2026 பிப்ரவரியில் 2024-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய கூடை வந்தது. பழையதில் 45.86 சதவீதமாக இருந்த உணவின் பங்கு, இதில் சுமார் 37 சதவீதம். நாட்டின் சராசரி அதுதான். ஆனால் உங்கள் கடைப் பையனின் வீடு சராசரி வீடா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 15,000 ரூபாயில் குடும்பம் நடத்துபவர் சாப்பாட்டுக்கு மட்டும் 9,000 செலவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உணவு விலை 10 சதவீதம் ஏறி, மற்றவை அப்படியே நின்றால் புதிய கூடை காட்டுவது 3.7 சதவீத உயர்வு. அவர் வீட்டிலோ 900 ரூபாய். அதாவது 6 சதவீதம்! உணவு விலை இறங்கும்போது அவருக்கு ஆறுதல் அதிகம். ஏறும்போது அடியும் அதிகம்.

"எண்ணில் என்ன இருக்கிறது?" என்று ஒதுக்கிவிடாதீர்கள். பணவீக்கத்தை 4 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கிக்கு இடப்பட்ட கட்டளை. அந்த எண் ஏறினால் நீங்கள் வாங்கும் கடனுக்கு வட்டி ஏறும். அரசு ஊழியரின் அகவிலைப்படி, தொழிலாளர்களுக்கெனத் தனியாகக் கணக்கிடப்படும் விலைக் குறியீட்டெண்ணை வைத்து ஏறுகிறது. தமிழகத்தில் கடைகளுக்கான குறைந்தபட்ச ஊதியத்தில் உள்ள பஞ்சப்படிக்கும் சென்னை நகரக் குறியீட்டெண்தான் அளவுகோல். திருத்தணிக்கென்று தனி எண் கிடையாது. நகரி எல்லையைத் தாண்டினால் பெட்ரோல் விலையே வேறு; ஆனால் இந்தப் பக்கம் துணிக்கடையில் நிற்பவனின் சம்பளத்துக்குச் சென்னையின் விலைதான் கணக்கு.

வணிகச் சகோதரர்களே! அந்தப் பஞ்சப்படியையாவது நீங்கள் கொடுக்கிறீர்களா? கொள்முதல் விலை ஏறியதும் மறுநாளே விலைச்சீட்டை மாற்றுகிறோம். சம்பளச் சீட்டை மாற்ற ஏன் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறோம்? அரசின் கூடை பழையது என்று குறை சொல்லும் நாம், ஐந்தாண்டுக்கு முந்தைய சம்பளத்தைக் கொடுப்பது எந்த நியாயம்?

இளைஞர்களே! வீட்டுச் செலவை ஒரு நோட்டில் எழுதுங்கள். அரிசி, எண்ணெய், பள்ளிக் கட்டணம், வாடகை, மருந்து. ஓராண்டு எழுதினால் உங்கள் வீட்டுப் பணவீக்கம் எவ்வளவு என்று நீங்களே சொல்லலாம். "விலைவாசி ஏறிவிட்டது" என்று புலம்புபவனுக்கு அனுதாபம்தான் கிடைக்கும். இத்தனை ரூபாய் ஏறியது என்று நோட்டை விரிப்பவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அரசும்தான், முதலாளியும்தான்!