பார்க்காமலே மூலம் என்பதா?

மலத்தோடு ரத்தம் போனால் அது மூலம்தான். மூலம் என்றால் உடம்புச் சூடு. சூடு தணிந்தால் ரத்தமும் நின்றுவிடும். பெங்களூரில் சிவாஜிநகர் முதல் எலக்ட்ரானிக் சிட்டி வரை தமிழ்க் குடும்பங்களில் இதுதான் பேச்சு. ஆட்டோ ஓட்டுபவரும் சொல்கிறார், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவரும் சொல்கிறார். கோழிக்கறியை நிறுத்து, மோர் குடி, எண்ணெய் தேய்த்துக் குளி என்று கைவைத்தியமும் கூடவே வந்துவிடுகிறது. அந்த இடத்தை ஒரு டாக்டர் பார்க்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

மோர் குடிப்பதில் கெடுதல் ஒன்றும் இல்லை. தண்ணீரும் கீரையும் நார்ச்சத்தும் மலச்சிக்கலைக் குறைக்கும், மூலத்துக்கு நல்லதுதான். ஆனால் மூலத்தில் வரும் ரத்தம் சில நாள் வரும், பல வாரம் நிற்கும், மறுபடி வரும். அதன் இயல்பே அப்படி. தானாக நின்ற ரத்தத்துக்கு மோர் பெயர் வாங்கிக்கொள்கிறது. மலக்குடல் புற்றிலிருந்து கசியும் ரத்தமும் இதே போல நின்று நின்றுதான் வரும் என்பதை நாம் யோசிப்பதே இல்லை.

உள்மூலத்தில் வலியில்லாமல் ரத்தம் கொட்டும். ஆசனவாயில் வெடிப்பு இருந்தால் கத்தியால் கீறியதுபோல் எரியும். குடல் சவ்வில் அழற்சி, சிறு சதை வளர்ச்சி, புற்று என்று காரணங்கள் இன்னும் உண்டு. எல்லாவற்றிலும் வருவது ரத்தம்தான். கழிப்பறையில் நின்றுகொண்டு அதன் நிறத்தைப் பார்த்து இதையெல்லாம் பிரித்தறிய யாராலும் முடியாது. வலி இல்லை, அதனால் பயமில்லை என்பதும் தப்புக்கணக்கு. மலக்குடல் புற்றும் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. முதியவர்களுக்கு மட்டுமே வரும் நோயும் அல்ல அது. நாற்பது வயதைத் தொடாதவர்களுக்கும் வருகிறது. 1973-ல் தொடங்கி இன்றுவரை இந்த நகரத்தின் புற்றுநோயாளிகளைப் பார்த்துவரும் கித்வாய் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே போக வேண்டியவர் நாட்டு மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தால் என்ன பயன்?

ரத்தம் என்றால் மூலம்தான் என்ற நம்பிக்கையைக் காப்பாற்றி வைத்திருப்பது கூச்சமும் பயமும்தான். ஆசனவாய்க்குள் குழாய் வைத்துப் பார்க்கும் சோதனைக்குப் புராக்டோஸ்கோப்பி என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் ஆபரேஷன் தியேட்டரும் மயக்க ஊசியும் மனதில் வந்துவிடுகின்றன. உண்மையில் நடப்பது இவ்வளவுதான். இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மார்பை நோக்கி மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். டாக்டர் கையுறை போட்டு, ஜெல் தடவிய விரலால் முதலில் தொட்டுப் பார்ப்பார். மலக்குடலின் அடிப்பகுதியில் உள்ள கட்டிகள் பல இந்த விரலுக்கே தட்டுப்பட்டுவிடும். அடுத்து, விரல் நீளமே உள்ள ஒரு சிறு குழாயை மெதுவாக நுழைத்து, வெளிச்சம் காட்டி, பின்னுக்கு இழுத்துக்கொண்டே பார்ப்பார். ‘லேசாக முக்குங்கள்’ என்பார். மூலம் இருந்தால் அப்போது புடைத்துத் தெரியும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பட்டினி வேண்டாம், மயக்கம் பொதுவாக வேண்டாம். மலம் வருவதுபோல் ஓர் உணர்வு இருக்கும், அவ்வளவுதான். வெடிப்பினால் கடும் வலி இருந்தால் டாக்டரே தள்ளிப்போடுவார், இல்லையென்றால் மயக்கம் கொடுத்துப் பார்ப்பார். உள்மூலம் என்று உறுதியானால், பல நேரங்களில் அதே குழாய் வழியாக ரப்பர் வளையமும் போட்டுவிடலாம்.

‘இதெல்லாம் இங்கிலீஷ் மருத்துவம், நம் வழக்கமில்லை’ என்பவர்களுக்குப் பழைய ஆயுர்வேத ஆசிரியர் வாக்படரைக் காட்டலாம். அவருடைய அஷ்டாங்க ஹிருதயம் மூலத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு கருவியைச் சொல்கிறது. பசுவின் காம்பு போன்ற வடிவம். நான்கு விரற்கடை நீளம். ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு சுற்றளவு. அந்தக் காலத்து வைத்தியரும் பார்த்துவிட்டுத்தான் வைத்தியம் செய்தார். பார்க்காமல் செய்வதுதான் மரபுக்கு விரோதம்.

நோயாளியின் கூச்சத்தில் பிழைப்பு நடத்துபவர்களும் இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் ‘ஆபரேஷன் இல்லாமல் மூலம், பவுத்திரம் குணம்’ என்று நோட்டீஸ் ஒட்டி, படிப்பு என்னவென்று சொல்லாமல் ஊசி போடுகிறவர்கள் அவர்கள். காரமான மருந்தை அங்கே ஏற்றினால் சதை அழுகும், ஆசனவாய் சுருங்கும். முறையாகப் படித்த ஆயுர்வேத மருத்துவர் க்ஷாரசூத்திரம் என்ற மருந்து நூலைக் கட்டுவது வேறு; அவரும் சோதித்துவிட்டே கட்டுவார். கர்நாடகத்தில் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்கள் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். நாற்காலியை விட்டு எழாமல் களிம்பு எழுதிக் கொடுக்கும் படித்த டாக்டரும் குற்றவாளிதான். கூச்சம் நமக்கு, அவசரம் அவருக்கு. இரண்டும் சேர்ந்து நோயை மறைத்துவிடுகின்றன.

புராக்டோஸ்கோப்பியே எல்லாம் என்றும் நம்பிவிடக் கூடாது. அந்தக் குழாய் குடலின் கடைசிச் சில சென்டிமீட்டரைத்தான் காட்டும். மூலம் தெரிந்தாலும், அதற்கு மேலே வேறொன்று இல்லை என்று ஆகிவிடாது. எடை குறைவது, ரத்தசோகை, மலம் கழிக்கும் பழக்கம் மாறுவது, குடும்பத்தில் குடல் புற்று, நாற்பத்தைந்தைத் தாண்டிய வயது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் கொலனோஸ்கோப்பி தேவையா என்று கேட்டே ஆக வேண்டும். அதற்குத்தான் பேதி மருந்தும் முன்தயாரிப்பும்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெண் டாக்டர் வேண்டும், இல்லையென்றால் பெண் நர்ஸ் கூட இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. வலித்தால் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்வதும் உரிமைதான். பவுரிங், விக்டோரியா போன்ற அரசு ஆஸ்பத்திரிகளில் சர்ஜரி ஓபிக்குப் போனால் போதும், பெரிய செலவு இல்லை. ரத்தம் கண்டால் மோர் குடியுங்கள், தடையில்லை. ஆனால் அந்த வாரமே டாக்டரிடம் போய்ப் பாருங்கள். சோதிக்காமல் களிம்பு எழுதினால், ‘பார்த்துவிட்டு எழுதுங்கள் டாக்டர்’ என்று சொல்லுங்கள்.