பசிலியோவுக்குக் கைதட்ட வேண்டாம்

கஷ்டப்பட்டு முன்னேறிய பையன் கதை என்றால் நம் பள்ளிகளுக்குக் கொண்டாட்டம்தான். 'பார்த்தியா, அவனால முடிஞ்சுது, உன்னால ஏன் முடியல?' என்று கேட்டுவிட்டால் பாடம் முடிந்தது. அவனை அந்த நிலைக்குத் தள்ளியது யார் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

பிலிப்பைன்ஸின் ஹொசே ரிசால் எழுதிய 'நோலி மீ தாங்கெரே' (1887) நாவலில் பசிலியோ என்றொரு சிறுவன் வருகிறான். தேவாலயத்தில் மணியடிக்கிற ஏழை வீட்டுப் பிள்ளை. தம்பி மீது திருட்டுப் பழி விழுகிறது. அவன் திரும்பி வரவேயில்லை. அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது. கடைசியில் மகனை அடையாளம் கண்ட கையோடு செத்துப்போகிறாள். அடுத்த நாவல் 'எல் பிலிபுஸ்தெரிஸ்மோ'வில் (1891) அதே பையன் ஒரு பணக்காரர் வீட்டில் வேலை செய்துகொண்டே படித்து, மருத்துவ மாணவனாகிறான்.

தன்னம்பிக்கைப் பேச்சாளர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார். ரிசால் மூடவில்லை. செய்யாத குற்றத்துக்கு பசிலியோ சிறைக்குப் போகிறான். அவனை மீட்கப் பாதிரியாரிடம் கெஞ்சப் போன காதலி ஹூலி மடத்தின் சன்னலிலிருந்து குதித்துச் சாகிறாள். வம்புக்குப் போகாமல் படித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பியவனுக்குக் கிடைத்தது இதுதான். இதை விடாமுயற்சிப் பாடமாக நடத்துவது ரிசாலுக்குச் செய்யும் துரோகம்.

இந்த இரண்டு நாவல்களையும் பள்ளி கல்லூரிகளில் கட்டாயமாக்க 1956இல் அங்கே சட்டம் வந்தது. கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. வெறும் தன்னம்பிக்கைக் கதையாக இருந்திருந்தால் எதற்காக எதிர்க்கப்போகிறது?

சேலம் ஜங்ஷன் இருக்கிற சூரமங்கலத்துப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க மணிலா வரை போக வேண்டியதில்லை. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) பக்கத்து நாமக்கல் மண்ணின் நாவல். கவுண்டர் பண்ணயத்தில் ஆடு மேய்க்கிற அருந்ததியர் சிறுவன் கூளையன். பண்ணயக்காரர் மகன் செல்வன் அவனோடு சேர்ந்து விளையாடுவான். ஆனால் யார் எஜமான் என்பது விளையாட்டிலும் மாறாது.

'இதையெல்லாம் கிளாஸ்ல பேசினா சாதிச் சண்டை வந்துடும் சார்' என்பார்கள். வகுப்பில் சாதி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகளுக்குப் பள்ளிகளில் தடை வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்ததே, சும்மாவா? நாம் பேசாமல் இருப்பதால் கயிறு அவிழாது.

பிள்ளைகளுக்கு நம்பிக்கை வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் 'தாங்கிக்கோ, ஒருநாள் ஜெயிப்பே' என்பது நம்பிக்கை இல்லை, அடிக்கிறவனுக்குக் கொடுக்கும் அவகாசம். லீவு நாளில் கொலுசுப் பட்டறைக்கு வேலைக்குப் போகிற பையன் அதே வகுப்பில் இருக்கலாம். தான் ஜெயிக்காமல் போனால் தப்பு தன்னுடையதுதான் என்று அவன் நினைத்துக்கொள்வான்.

ஆகவே வினாத்தாளில் 'கூளையனிடம் நீ கற்றுக்கொண்டது யாது?' வேண்டாம். 'கூளையன் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை?' என்று கேளுங்கள். பதிலில் 'சோம்பல்' என்று ஒரு பிள்ளை எழுதினாலும், தோற்றது பிள்ளை அல்ல, பாடம் நடத்தியவர்.