சுரண்டாதீங்க... ஊற வைங்க!



அறிவியல் கண்காட்சி நெருங்கிவிட்டால் வீடு முழுக்கப் பெயின்ட் வாசனைதான். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி ராக்கெட், விமானம், கப்பல் மாதிரிகள் செய்கிறீர்கள். ஆசையாக அக்ரிலிக் பெயின்ட் அடிக்கிறீர்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஓரிடத்தில் திட்டுத் திட்டாக இருக்கிறது. இன்னோரிடத்தில் நிறமே மாறிவிட்டது. உடனே என்ன செய்கிறீர்கள்?

சிலர் பிளேடு எடுத்துச் சுரண்டுகிறார்கள். சிலர் பெயின்டர் மாமாவிடம் தின்னர் வாங்கி ஊற்றுகிறார்கள். சிலர் மாதிரியையே குப்பையில் வீசுகிறார்கள். மூன்றும் தவறு என்பதே என் கருத்து.

ஏன் தெரியுமா? அக்ரிலிக் பெயின்ட் என்பது தண்ணீரில் மிதக்கும் மிக நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களும் நிறப்பொடியும்தான். ஈரமாக இருக்கும்போது தண்ணீரிலேயே கழுவிவிடலாம். தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மெல்லிய தோல் போல ஆகிவிடுகின்றன. அதன்பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது.

அடியில் இருக்கும் மாதிரியும் பிளாஸ்டிக்தானே! பெரும்பாலான மாதிரிகளைப் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த தெர்மாகோலும் அதே பொருள்தான்; காற்றடைத்து உப்ப வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவர் ஒரு சொட்டு பட்டால் தெர்மாகோலில் குழி விழும். தின்னர் ஊற்றினால் உங்கள் விமானத்தின் இறக்கைக்கும் அதே கதிதான். பெயின்டோடு இறக்கையும் இளகிப் போகும். பிளேடால் சுரண்டினாலோ, இறக்கையில் உள்ள நுண்ணிய கோடுகளும் புள்ளிகளும் போய்விடும்.

அப்படியானால் எது சரி? பெயின்டை இளக்க வேண்டும். அடியில் இருப்பதைத் தொடக்கூடாது. மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் அதற்கு உதவும். காய்ந்த அக்ரிலிக்கை அது இளக்கும், பாலிஸ்டைரீனைக் கரைக்காது. முதலில் மாதிரியின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பிசுபிசுக்கவில்லை என்றால், பஞ்சில் நனைத்துப் பெயின்ட் மேல் சில நிமிடங்கள் வையுங்கள். இளகியதும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். போகவில்லையா? மறுபடி ஊற வையுங்கள். கடைசியில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். விமானி அறைக் கண்ணாடி போன்ற பாகங்களில் மட்டும் ஸ்பிரிட் படவேண்டாம். வெடிப்புக் கோடுகள் விழலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு பக்கத்தில் கூடவே கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்து, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்யவேண்டும்.

'ஒரு பொம்மைக்கு இவ்வளவு பாடா?' என்று கேட்பீர்கள். இந்தப் பொறுமை பொம்மையோடு நிற்பதில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள் சுற்றுப்பாதைச் சுவரில் நாயக்கர் கால ஓவியங்கள் இருந்தன. அவற்றின் அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடித்தார். யாராவது அவசரப்பட்டுச் சுரண்டியிருந்தால் இரண்டுமே போயிருக்கும். பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் மேல் ஓவியத்தைப் பக்குவமாகப் பிரித்தெடுத்து, பலகையில் பொருத்திக் காப்பாற்றினார்கள். அடியில் இருந்த சோழர் ஓவியமும் வெளியே வந்தது.

நம் ஊருக்கு வருவோம். அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. ஆநிரை மீட்கவும் ஊரைக் காக்கவும் போரிட்டு இறந்த வீரர்களுக்கு எழுப்பிய நடுகற்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். பல்லவர் காலத்து வட்டெழுத்து பொறித்தவையும் அவற்றில் உண்டு. தருமபுரி நகரில் உள்ள அகழ்வைப்பகத்தில் இவற்றைப் பார்க்கலாம். பல ஊர்களில் நடுகல்லை வேடியப்பன் என்று வணங்குகிறார்கள்.

அப்படி ஒரு கல்லின் மேல் சுண்ணாம்போ பெயின்டோ படிந்திருப்பதைப் பார்த்தால், 'சுத்தம் செய்கிறேன்' என்று உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும் எடுத்துப் போகாதீர்கள். ஸ்பிரிட்டும் வேண்டாம். அந்த எழுத்துகள் ஆழமில்லாதவை. ஆயிரம் ஆண்டு மழையையும் வெயிலையும் தாங்கிய வீரனின் பெயர் அரை மணி நேரத் தேய்ப்பில் அழிந்துவிடலாம். விமானம் கெட்டால் இன்னொன்று வாங்கலாம். அந்தப் பெயரை எந்தக் கடையில் வாங்குவது?

ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். உங்கள் வரலாற்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் வழியாகத் தொல்லியல் துறைக்குத் தெரியட்டும். கல்லை எப்படிச் சுத்தம் செய்வது என்பதை அறிந்தவர்கள் அவர்கள்தான்.

உங்கள் விமானத்தை நீங்களே சுத்தம் செய்யுங்கள். நடுகல்லை அவர்களிடம் விடுங்கள். பஞ்சைக் கையில் எடுக்கும் முன் 'அடியில் என்ன இருக்கிறது?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். செய்வீர்கள்தானே!